நாலாவது தடவை கொதித்தால்

மெக்கானிக் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "ஆறட்டும் அண்ணன்" என்றால் கையைப் பிடித்து ஷெட் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். ஆவி கக்கிக்கொண்டு எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான். ஓட்டி வந்தவர் குதிப்பார், வேலை கிடக்கிறது என்பார், கடிகாரத்தைக் காட்டுவார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "ஆறட்டும் சார். அதுவும் மூச்சு வாங்க வேணாமா?" கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது ஸ்பேனர் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒரு நாளும் மீறாதவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் என்று பேச்சு.

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு போயிற்று.

ஸ்டேஷன் மாஸ்டரின் கறுப்புக் கார் மூன்று முறை ரிப்பேர் பார்த்தும், மூன்றாவது முறையாகக் கொதித்துத் திரும்பி வந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷமாகிறது. தெரு இன்னும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறது. கார் அவரைவிடப் பத்து வயசு இளையது. வளைந்த முதுகு, தவளைக் கண் மாதிரி முகப்பு விளக்கு, கதவை அடைத்தால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். காலையிலிருந்து ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த அண்ணன் எழுந்து வந்தார். பானட்டைத் தூக்கினார். பழந்துணியை மூடிமேல் போட்டு ஒரு திருகு திருகினார். எதிர் ஷெட் வெல்டர் "அண்ணே" என்று கத்துவதற்குள் வெந்நீர் அவருடைய வலது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நனைத்துவிட்டது.

எதற்குத் திறந்தீர்கள் என்று பிறகு ஆளுக்கு ஆள் கேட்டார்கள். வெல்டரிடம் மட்டும் அவர் பதில் சொன்னார். "ஆறட்டும்னு சொல்லக்கூட அலுப்பா இருந்துச்சுடா."

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் சலவைக் கூடத்தில் வேலை. வார்டு வார்டாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஆவி யந்திரத்தில் அழுத்தி, மடித்து அனுப்ப வேண்டும். தீக்காய வார்டிலிருந்து வருகிற விரிப்புகளைப் பிரித்து வைப்பதும் அவள்தான். அதனால் சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்த புருஷனைப் பார்த்து அவள் அழவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி கட்டினாள்.

"என் தம்பி கடையில நாற்காலி காலியா இருக்கு" என்றாள்.

அவளுடைய தம்பி உதிரி பாகங்கள் விற்கிற கடை வைத்திருந்தான். ஒரு வருஷமாகவே இந்தப் பேச்சு ஓடுகிறது. மாமா கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவனுக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்று சொன்னால் போதும். ஷெட்டை அவன் கிடங்காக வைத்துக்கொள்வான்.

"நாற்காலியில உட்கார்ந்தா நான் தூங்கிடுவேன்."

"தூங்குங்க. தூங்கறவர் கையில யாரும் வெந்நி ஊத்த மாட்டாங்க."

"ஒரு தடவை தவறிடுச்சு."

"ஒரு தடவையா? அந்த வண்டி எத்தனை தடவை வந்துச்சு? மொதல்ல ரேடியேட்டர்னீங்க. அப்புறம் பம்ப்னீங்க. அப்புறம் இன்ஜின் தலையையே கழட்டினீங்க. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து ‘முடிஞ்சுது, இனிமே வராது’ன்னு சொன்னீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க இப்படியா இருந்தீங்க?"

அவருக்கும் அதேதான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை அவள் வாயால் கேட்டபோது கோபம் வந்தது. கோபத்தில்தான் வாக்குக் கொடுத்தார். "சரி. நாலாவது தடவையும் அந்த வண்டி கொதிச்சா ஷெட் சாவியை உன் தம்பி கையில குடுத்துடறேன். போதுமா? கொதிக்கலைன்னா இந்த நாற்காலிப் பேச்சை நீ விட்டுடணும்."

"எங்க ஓட்டிப் பார்ப்பீங்க?"

"எங்கன்னா?"

"ஸ்டேஷன் மாஸ்டர் மலை ஏறும்போதுதானே கொதிக்குது? நீங்க ஷெட் வாசல்லயே நிறுத்தி வச்சு உறும விட்டுட்டு ஆச்சுன்னு அனுப்பறீங்க. மலையில ஏத்திப் பாருங்க. நானும் வர்றேன்."

சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. மூன்று முறையும் தோன்றியது. மலை வரை போய் வர இரண்டு மணி நேரமாகும், முதுகு வலிக்கும் என்று விட்டுவிட்டார்.

மலையில் என்ன இருக்கிறது என்றால், ஸ்டேஷன் மாஸ்டரின் அக்கா இருக்கிறார். எண்பது வயசு. இரண்டு மாதத்துக்கு முன்பு, பன்னிரண்டு வளைவுகளுக்கு மேலே இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் பார்க்க விடுவார்கள். அதுவரை ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கார், ஆறாவது வளைவில் கொதித்து, அவர் பாறையோரம் உட்கார்ந்து வண்டி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி பன்னிரண்டு ஆகிவிடும். பஸ்ஸில் போகலாமே என்று வெல்டர் ஒருமுறை கேட்டான். "பஸ்ஸுல போனா, அக்காவை உட்கார வச்சு ஒரு சுத்து சுத்திட்டு வர முடியாதேப்பா" என்றார். அக்காவுக்கு அந்தக் காரின் பின்சீட் என்றால் உயிர்.

திங்கட்கிழமை அண்ணன் ஷெட்டைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை திறந்து, கறுப்புக் காரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. கட்டுப் போட்ட கையால் தொடவும் முடியாது.

பத்து மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். கையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கணும்பா. என் வண்டியால வந்தது."

"வண்டி என்ன சார் பண்ணும்? உட்காருங்க. அந்த நோட்டுல என்ன எழுதறீங்க நீங்க?"

தெரு முழுக்கச் சிரிக்கிற நோட்டு அது. காரை எடுத்தால், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இடையில் நின்ற இடம், சூடு காட்டுகிற முள் நின்ற அளவு எல்லாம் எழுதுவார். "அடுத்த ரயில் எத்தனை மணிக்கு சார்?" என்று வெல்டர் கிண்டல் செய்யாத நாளில்லை. மூன்று முறை வண்டியை ரிப்பேர் பார்த்தபோதும் அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. அண்ணன் இப்போதுதான் கேட்டார். கை வேலை செய்யாதபோது கண்ணுக்கும் காதுக்கும் வேலை வந்தது.

"வாசிங்க சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எட்டு நாப்பதுக்கு ஸ்டார்ட். எட்டு அம்பத்தஞ்சுக்கும் முள் எழுந்திருக்கல. ஒம்போது மணிக்குத்தான் கால்வாசி."

"நில்லுங்க. இருபது நிமிஷம் ஓடியும் கால்வாசிதானா?"

"இது எப்பவும் அப்படித்தான். காலையில சூடாக ரொம்ப நேரமாகும்."

"அப்புறம்?"

"கடைத்தெரு நெரிசல்ல பன்னெண்டு நிமிஷம் நின்னேன். முள் பாதி. அதுக்கு மேல போகல. மலையடிவாரம் ஒம்போது முப்பத்தஞ்சு. மூணாவது வளைவுல முக்கால். ஆறாவதுல கொதிப்பு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அடைத்த ரேடியேட்டரோ சோம்பேறி ஃபேனோ என்றால் நெரிசலில் நிற்கும்போதுதான் முதலில் கொதிக்க வேண்டும். இது நிற்கும்போது சும்மா இருக்கிறது. உழைக்கும்போது கொதிக்கிறது. அதோடு சூடாகவும் நேரமெடுக்கிறது. மெதுவாகச் சூடாகிறவனும் சீக்கிரம் கொதிக்கிறவனும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும்?

"சார், நீங்க ஓட்டுங்க. நான் பானட்டுக்குள்ள கை வச்சுப் பார்க்கறேன்."

"எந்தக் கை?"

"இருக்கற கை."

பின்சக்கரங்களை முட்டுக் கொடுத்துத் தூக்கி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கியரில் ஓட விட்டார்கள். இன்ஜினுக்கு மலை ஏறுவது போன்ற பாரம். அரை மணி நேரத்தில் முள் முக்காலைத் தொட்டது. அண்ணன் இடது கையின் புறங்கையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டார், ஜுரம் பார்க்கிற மாதிரி. இன்ஜின் தலை நெருப்பு. ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் ஹோஸ் சூடு, ஆனால் தாங்கக்கூடிய சூடு. ரேடியேட்டரின் அடிப்பகுதி வெதுவெதுப்பு. இன்ஜின் கொதிக்கப் போகிறது, அதை ஆற்ற வேண்டிய ரேடியேட்டரோ நிழலில் உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக, இன்ஜின் தலைக்கும் பம்புக்கும் நடுவே இருக்கிற குட்டி ஹோஸைத் தொட்டார். ஆள்காட்டி விரல் நீளம்தான். இருக்கிறதே யாருக்கும் நினைவில் இருக்காது. தொட்ட கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"நிறுத்துங்க சார்."

மத்தியானம் வரை ஆற விட்டு, வெல்டரைக் கூப்பிட்டு இன்ஜின் தலைமேல் இருந்த மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி.

தெர்மோஸ்டாட் என்பது கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளை வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். அந்தத் தெருவில் எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். குளிர் தேசத்தில் செய்த வண்டிக்கு அது வேண்டும். இந்த வெயிலுக்கு எதற்கு, தண்ணீர் தாராளமாக ஓடட்டும் என்பது அவர்கள் கணக்கு. எல்லோரும் செய்தார்கள். பெரும்பாலான வண்டிகளும் பொறுத்துக்கொண்டன.

"அது எங்கதான் இருக்கும்?" என்றான் வெல்டர். "எல்லாருந்தான் கழட்டிடறோமே."

"இந்த இன்ஜின்ல அதுக்கு ரெண்டு வேலைடா. வாசக் கதவைத் திறக்கும்போதே கொல்லைக் கதவைச் சாத்தணும். அந்தக் குட்டி ஹோஸ்தான் கொல்லை. நாம ஆளையே வெளியேத்திட்டோம். கொல்லை திறந்தே கிடக்கு. பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம, சுடச்சுட அப்படியே உள்ள திரும்பிடுது."

"ஊருக்குள்ள ஓடும்போது தெரியாது."

"தெரியாது. மலை ஏறினாத் தெரியும்."

"எவன்ணே கழட்டினான் இதை?"

அண்ணன் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெல்டர் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவன் ஷெட்டுக்குப் போய், வேலையில்லாத ஒரு இரும்புத் துண்டைத் தேய்க்க ஆரம்பித்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு சாதாரண சர்வீஸின்போது, அண்ணன்தான் கழற்றினார். யாரும் கேட்கவில்லை. கை தன்பாட்டுக்குக் கழற்றியது. இந்த மூன்று ரிப்பேர்களிலும் அந்த மூடியைத் திறந்தபோதெல்லாம் காலி இடத்தைப் பார்த்தார். காலியாக இருப்பதுதான் சரி என்று பழகிய கண் எதையும் கேட்கவில்லை.

கடைகளில் இப்போது கிடைக்கிற தெர்மோஸ்டாட்டில் கொல்லையை அடைக்கிற, ‘பாவாடை’ என்கிற உலோக வளையம் கிடையாது. மச்சான் கடையிலும் போனில் விசாரித்தார். "அதெல்லாம் எந்தக் காலம் மாமா? வந்து நாற்காலியில உட்காருங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்" என்று அவன் சிரித்தான். கடைசியில் அண்ணன் தன் ஷெட் மூலையில் இருந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். வருஷக்கணக்காகக் கழற்றிப் போட்ட வால்வுகள், நாற்பதுக்கு மேல். அவற்றில் பாவாடை வைத்தவை மூன்று. மூன்றையும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. அடுப்பில் பால் காய்ச்சுகிற பாத்திரம் இருந்தது. அதில் பித்தளை வால்வு ஒன்று கிடந்தது.

"என்னங்க இது? குடிக்கறதா, குளிக்கறதா?"

"ஒரு பத்து நிமிஷம். எண்பது டிகிரியில இது திறக்கணும். இந்த தெர்மாமீட்டரைக் கொஞ்சம் பிடி. எனக்கு ஒரு கைதான்."

"பால் பாத்திரம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"குழம்புச் சட்டியிலே போட்டிருந்தா அதுக்கும் கேப்ப."

அவள் பிடித்துக்கொண்டாள். ஆவி யந்திரத்தில் நாள் முழுக்க முள்ளைப் பார்க்கிறவள். பார்க்கிற விதத்திலேயே அது தெரிந்தது. முதல் வால்வு தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முதலிலிருந்தே திறந்துகொண்டு நின்றது. தண்ணீரை மாற்றி, மூன்றாவதை நூலில் கட்டி இறக்கினார். எழுபது. எழுபத்தைந்து. ஒன்றுமில்லை.

"இதுவும் செத்துப்போச்சு" என்றார்.

"பொறுங்க. எழுபத்தெட்டு. எழுபத்தொம்போது." அவள் குனிந்தாள். "அசையுது. பாருங்க, அசையுது. அடியில இருக்கிற தட்டு இறங்குது."

இருவரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். பித்தளைக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விழுந்து, மெல்ல அகலமானது. அண்ணன் வெளியே தூக்கினார். அது மெல்ல மூடிக்கொண்டது.

"இவ்வளவுதானா விஷயம்?" என்றாள் அவள்.

"இவ்வளவுதான்."

"இதுக்குத்தான் மூணு தடவை கழட்டி மாட்டினீங்களா? இதைக் கழட்டினது யாரு?"

"நான்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வால்வைப் பொருத்தினார்கள். வெல்டர் திருக, அண்ணன் இடது கையால் பிடித்துக்கொண்டார். பழைய முள்ளை நம்ப முடியாது என்று ஒரு சோதனை மீட்டரைக் குழாய் வழியே இழுத்து, வண்டிக்குள் கொண்டுவந்தார். அவள் சலவைக் கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"கை?" என்றாள்.

"ஸ்டியரிங் பிடிக்க வரும். கியர் இடது பக்கம்தான்."

ஊரைத் தாண்டுவதற்குள் மீட்டர் எண்பதைத் தொட்டது. நோட்டில் இருபது நிமிஷமென்று எழுதியிருந்தது இன்று எட்டு நிமிஷமானது. அடிவாரத்தில் எண்பத்திரண்டு. அவள் ஒவ்வொரு வளைவிலும் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஏலம் போடுகிற குரலில் இல்லை, மருந்து நேரம் சொல்கிற குரலில். மூன்றாவது வளைவில் எண்பத்தாறு. ஐந்தில் எண்பத்தெட்டு. ஆறாவது வளைவு. ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்திருந்த பாறை கடந்து போயிற்று.

"எவ்வளவு?"

"எண்பத்தொம்போது. நிக்குது."

ஜன்னல் வழியே காற்று வந்தது. அவருக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது தூக்கம்தான். நாளைக்கு அந்த வேன். அதற்கு அடுத்து ஒரு லாரி. அதற்கும் அடுத்து, ஒன்பது வருஷத்தில் யாருடைய வண்டியில் எதைக் கழற்றினோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டாவது வளைவு செங்குத்து. இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டிய இடம். அவர் மாற்றவில்லை. மூன்றாவதிலேயே காலை அழுத்தினார். இன்ஜின் முனகியது. வண்டி நடுங்கிக்கொண்டு ஊர்ந்தது.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றாள். "தொண்ணூத்தி நாலு."

அவர் காலை எடுக்கவில்லை.

"தொண்ணூத்தி ஆறு. ஏங்க இப்படி உறுமுது? இவ்வளவு நேரம் இல்லியே இந்தச் சத்தம்."

இன்னும் ஒரு நூறடி போதும். சாவியைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள்தானே கேட்டாள்.

"தொண்ணூத்தேழு." அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து அவர் கையைப் பார்த்தாள். கியர் கம்பியின் மேல் சும்மா கிடந்த இடது கையை. பிறகு மறுபடி மீட்டரைப் பார்த்தாள். "அந்தப் பெரியவர் இங்க கியர் மாத்திதான் ஏறுவார், இல்ல?"

அவர் கியரை இரண்டாவதுக்குத் தள்ளினார். முனகல் நின்றது. பம்ப் வேகமெடுத்தது. அடுத்த வளைவில் தொண்ணூற்று மூன்று, பதினொன்றில் தொண்ணூறு. பன்னிரண்டாவதைத் தாண்டி, முதியோர் இல்லத்தின் மதில் தெரிகிற இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆவி இல்லை. சொட்டு இல்லை.

இறங்கி, மதிலோரம் உட்கார்ந்தார்கள்.

"எட்டாவது வளைவுல வேணும்னேதானே?"

"ம்."

"ஏன்?"

"அசதி."

அவள் கீழே போகிற சாலையைப் பார்த்தாள். "எனக்குந்தான் அசதி. பதினெட்டு வருஷமா அந்த ஆவிக்கு முன்னாடி நிக்கறேன். அதுக்காக எவன் விரிப்பையாவது ஈரத்தோட அனுப்பினேனா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை எடுக்க வந்தார். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. இந்த வால்வு இல்லாததுதான் காரணம், இதைக் கழற்றியது நான், ரேடியேட்டரும் பம்பும் தலையும் தேவையில்லாமல் பார்த்தது என்றார். பெரியவர் கேட்டுக்கொண்டே நோட்டைத் திறந்தார்.

"எந்த வருஷம் கழட்டினே?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி சார்."

"நாலு ஞாயிறு" என்றார் பெரியவர். "அக்கா நாலு ஞாயிறும் செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாங்களாம். நர்ஸ் சொல்லிச்சு."



பெரியவர் எழுதினார். எழுதி முடித்து, நோட்டைத் திருப்பி நீட்டினார். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு. எங்க டிபார்ட்மெண்ட்ல தப்பு எப்படி நடந்துதுன்னு எழுதி, செஞ்சவன் கையெழுத்து வாங்கறது வழக்கம். ஆளை மாட்டி விடறதுக்கில்ல. அடுத்த வண்டி அதே இடத்துல கவிழக் கூடாதுன்னு."

அண்ணன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். கறுப்புக் கார் மெதுவாகத் தெருமுனை திரும்பியது.

அது போன பிறகு அண்ணனின் மனைவி சலவைக் கூடத்திலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மச்சானும் வந்தான். நாலாவது தடவை, சாவி என்று அக்கா வாயிலிருந்து அரைகுறையாகக் கேட்டதை வைத்து அவன் முழுசாக முடிவு கட்டியிருந்தான். கையில் ஒரு அடையாள அட்டை. மாமாவின் பழைய போட்டோ ஒட்டி, ‘ஆலோசகர்’ என்று அச்சடித்திருந்தது.

"போட்டோல இளமையா இருக்கீங்க மாமா. சாவி?"

அண்ணன் பையில் கைவிட்டார். அவர் சாவியை எடுப்பதையும், அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பதையும் அவள் கவனித்தாள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? கொதிச்சா குடுக்கறேன்னீங்க. கொதிக்கல. நான்தானே மீட்டர் பார்த்தேன்."

"என்னக்கா இது?" என்றான் தம்பி. "நீதானே நாற்காலி கேட்ட?"

"கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன், கொதிக்கலைன்னா விட்டுடணும்ங்கறதும் பேச்சுத்தான்." அவள் புருஷனிடம் திரும்பினாள். "குடுக்கணும்னு தோணினா குடுங்க. ஆனா வண்டி மேல பழியைப் போட்டுக் குடுக்காதீங்க. என் மேலயும் போடாதீங்க. உங்களுக்கா வேணாம்னா, வேணாம்னு சொல்லிக் குடுங்க."

வேன் சக்கரமில்லாமல் கட்டைகளின் மேல் நின்றது. அண்ணன் அட்டையில் இருந்த தன் போட்டோவைப் பார்த்தார், பிறகு வேனைப் பார்த்தார். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"வேணாம்னு சொல்ல வரல மச்சான்" என்றார். "அலுத்துப்போச்சுன்னுதான் சொல்ல வருது. ரெண்டும் ஒண்ணுன்னு நானே நினைச்சுட்டேன்."

"அப்போ நாற்காலி?"

"நீ உட்காரு. நாளெல்லாம் நின்னுக்கிட்டே வியாபாரம் பண்ற. உன் காலையும் பாரு."

தம்பி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அண்ணன் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் கதவைத் தட்டினார். கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. பிறகு ஷட்டரைப் பிடித்து இழுத்தார். ஒரு கையால் வரவில்லை. அவளும் சேர்ந்து இழுத்தாள்.

பட்டப்பகல் மூன்று மணிக்கு அந்த ஷட்டர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. எதிரில் வெல்டர் கண்ணாடிக் கவசத்தைத் தூக்கினான்.

"என்னண்ணே, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லடா."

"பின்ன?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் தூங்கப் போறேன். வேன்காரர் வந்தா சொல்லு."

"கேட்டா என்ன காரணம்னு சொல்ல?"

"அதுதான் காரணம்" என்றாள் அவர் மனைவி.